காமக்கோட்டம்: அம்மன் தனி வீடு கண்ட வரலாறு

காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வரும் வெளியூர்க்காரர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, "அம்பாள் சந்நிதி எந்தப் பக்கம்?" என்பது. உள்ளூர்க்காரர் மதிலுக்கு வெளியே கையைக் காட்டுவார். "காமாட்சியம்மன் கோயிலுக்குப் போங்க. இந்த ஊர்ல எல்லாச் சிவன் கோயிலுக்கும் அங்கதான் அம்பாள்" என்பார். ஏகாம்பரநாதருக்குத் தேவியே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. ஏலவார்குழலி என்ற உற்சவ அம்மை இருக்கிறாள். பங்குனி உத்திரத்தில் திருக்கல்யாணம் நடக்கிறது. வீதியுலாவில் சுவாமியோடு வருகிறாள். மதுரையிலும் நெல்லையிலும் நாம் பார்த்துப் பழகிய தனிக் கருவறைதான் அங்கே இல்லை. நகர எல்லைக்குள் இருக்கும் பழைய சிவாலயங்கள் எதிலும் மூல அம்மனுக்குத் தனிச் சந்நிதி கிடையாது என்பது காஞ்சியின் மரபு.

தலபுராணம் இதைக் காமாட்சியின் பெருமையாகச் சொல்கிறது. மற்ற தேவியரின் ஆற்றலையெல்லாம் தன்னிடம் ஈர்த்துக்கொண்டாளாம். பக்தருக்கு அந்த விளக்கம் போதும். வரலாற்றைத் தேடுகிறவருக்கு இதே செய்தி வேறொன்றைச் சொல்கிறது. காஞ்சியில் இன்று விசித்திரமாகத் தெரியும் இந்த ஏற்பாடு ஒருகாலத்தில் தமிழகம் முழுவதற்கும் இயல்பாக இருந்தது. சிவனுக்கு எடுத்த கோயிலில் அவன் தேவிக்குத் தனியாக ஒரு கருவறை எழுப்பும் வழக்கம் 11ஆம் நூற்றாண்டில்தான் பரவத் தொடங்கியது. பரவியபோது மற்ற ஊர்கள் அந்தப் புதிய கட்டடத்துக்கு வைத்த காமக்கோட்டம் என்ற பெயர் காஞ்சிக் காமாட்சியம்மன் கோயிலிலிருந்து வந்தது. இக்கோயிலின் முதன்மையான சிறப்பு இதுதான் என்பது என் எண்ணம். கல்லின் வயது, கோபுரத்தின் உயரம், தங்க விமானம் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

பல்லவர் காலத்திலிருந்து பார்ப்போம். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்மன் எடுத்த கைலாசநாதர் கோயிலில் கருவறையின் பின்சுவரிலேயே சோமாஸ்கந்தர் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. சிவனும் உமையும் ஒரே ஆசனத்தில் அமர்ந்திருக்க, நடுவே குழந்தை முருகன். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலிலும் இதே காட்சி. உமைக்குத் தனிச் சந்நிதி ஏன் இல்லை என்று ஒரு பல்லவச் சிற்பியைக் கேட்டிருந்தால் அவனுக்குக் கேள்வியே புரிந்திருக்காது. அவள்தான் கருவறைக்குள்ளேயே இருக்கிறாளே!

அதே காலத்தில் பெண் தெய்வங்களுக்குத் தனிக் கோயில்களும் இருந்தன. மாமல்லபுரத்தில் திரௌபதி ரதம் என்று வழிகாட்டிகள் காட்டுவது உண்மையில் கொற்றவையின் கோயில். பக்கத்துக் குன்றில் மகிடாசுரமர்த்தினி குகை. 9ஆம் நூற்றாண்டில் தஞ்சையைப் பிடித்த விஜயாலய சோழன் முதலில் கோயில் எடுத்தது நிசும்பசூதனிக்கு. திருவாலங்காட்டுச் செப்பேடு இதைச் சொல்கிறது. இவர்கள் போருக்கும் காட்டுக்கும் எல்லைக்கும் உரிய தேவியர். கணவன் பெயரால் அறியப்பட்டவர்கள் அல்லர். ஆகவே அன்று தேவி இரண்டு விதமாக இருந்தாள். தன்னந்தனியாகத் தலைமை தாங்கும் கொற்றவை ஒருத்தி. சிவனோடு ஒட்டி, அவன் கருவறைக்குள்ளோ உலாத் திருமேனியாகவோ இருக்கும் உமை இன்னொருத்தி. சிவனின் தேவியாகவும் இருந்துகொண்டு தனக்கென்று கருவறை, பூசை, நிலம், நகை எல்லாம் உடையவளாகவும் இருக்கும் மூன்றாவது நிலை பின்னால் வந்தது.

இந்த மாற்றத்துக்கு முந்தைய நிலையைத் தெளிவாகக் காட்டுவது தஞ்சைப் பெரிய கோயில். 1010இல் முடிந்த அந்தக் கோயிலின் மூலத் திட்டத்தில் அம்மன் சந்நிதி கிடையாது. ஆனால் கல்வெட்டுகளில் அம்மன் இருக்கிறாள். இராஜராஜனின் தமக்கை குந்தவை, ஆடவல்லாருக்கும் தஞ்சை விடங்கருக்கும் தேவியராக உமாபரமேசுவரித் திருமேனிகளைச் செய்துகொடுத்ததைக் கல்வெட்டு பதிவு செய்திருக்கிறது. செம்பில் வார்த்த உலாத் திருமேனிகள் அவை. அவர்களுக்கு அளித்த நகைகளின் பட்டியல் வரி வரியாக நீள்கிறது. பொன்னை ஆடவல்லான் என்ற எடைக்கல்லால் நிறுத்தார்கள். மணி பதித்த நகைகளைத் தட்சிணமேருவிடங்கன் என்ற எடைக்கல்லால் நிறுத்தார்கள். கோயில் கல்வெட்டுகளில் முத்துகூட வெறும் முத்தாக இல்லை. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி, சக்கத்து, குளிர்ந்தநீர், சிவந்தநீர் என்று வடிவத்தாலும் நீரோட்டத்தாலும் தரம் பிரித்து எண்ணியிருக்கிறார்கள். இவ்வளவு செல்வத்தையும் இவ்வளவு கணக்கையும் தேவிக்காகச் செலவிட்ட அரச குடும்பம் அவளுக்கென்று நாலு சுவர் எழுப்பவில்லை. பொருள் இல்லாமலோ மனம் இல்லாமலோ அல்ல. அப்படி ஒரு வழக்கம் அப்போது சோழநாட்டில் வேரூன்றவில்லை.

அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் நிலைமை மாறுகிறது. 11ஆம் நூற்றாண்டிலிருந்து சோழர் கல்வெட்டுகளில் 'திருக்காமக்கோட்டம்' என்ற பெயர் தலைகாட்டுகிறது. சிவன் கோயிலுக்குள் தேவிக்கு எடுத்த தனிச் சந்நிதிக்கு அந்தப் பெயர். அங்கே எழுந்தருளியிருப்பவள் 'திருக்காமக்கோட்டமுடைய நாச்சியார்.' தொல்லியல் அறிஞர் கே. ஆர். சீனிவாசன் இந்தக் கல்வெட்டுகளைத் தொகுத்து ஆராய்ந்து, அம்மன் சந்நிதி என்ற அமைப்பின் தொடக்கத்தை இராஜேந்திர சோழன் காலத்தை ஒட்டி வைத்தார். அவருக்குப் பிறகு வந்தவர்கள் சில ஊர்களில் சற்று முன்னே பின்னே நகர்த்தினாலும் அந்த முடிவின் அடிப்படை அசையவில்லை.

12ஆம் நூற்றாண்டில் வேகம் கூடுகிறது. சிதம்பரத்தில் சிவகாமியம்மன் கோயிலுக்குத் திருச்சுற்று மாளிகை எடுத்தவன் முதல் குலோத்துங்கனுக்கும் விக்கிரம சோழனுக்கும் படைத்தலைவனாக இருந்த நரலோகவீரன். தாராசுரத்தில் அம்மனுக்குப் பெரிய தனிக் கோயிலே இருக்கிறது. பழைய கோயில்களுக்கும் இந்த வழக்கம் பின்னாளில் வந்து சேர்ந்தது. கங்கைகொண்ட சோழபுரத்தில் வட கைலாசம் என்று இராஜேந்திரன் காலத்தில் சிவனுக்கு எடுத்த சிறு கோயிலையே பிற்பாடு அம்மன் சந்நிதியாக மாற்றிக்கொண்டார்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அம்மன் சந்நிதி கிடைக்க 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வரவேண்டியிருந்தது. உலகமுழுதுடைய நாச்சியார் என்று அவளுக்குப் பெயர். இன்று பெரியநாயகி, பிருகந்நாயகி. சோழன் கட்டிய கோயிலில் பாண்டியன் கட்டிய சந்நிதி. நந்தி மண்டபத்தின் வடக்கே தெற்குப் பார்த்து நிற்கும் அந்தக் கட்டடத்தைப் பார்த்தாலே, மூலத் திட்டத்தில் இல்லாமல் இருந்த இடத்தில் பொருத்தியது என்று தெரிந்துவிடும். சோழநாட்டில் எத்தனையோ கோயில்களில் அம்மன் இப்படி முன்மண்டபத்தின் வடபுறம் தெற்கு நோக்கி நிற்கிறாள். கிழக்கு நோக்கிய மதுரை மீனாட்சியும் நெல்லை காந்திமதியும் சுவாமிக்கு வலப்புறம் தங்களுக்கென்று தனிக்கோயிலோடு இருப்பது பாண்டிநாட்டு முறை. அங்கே அம்மனை ஒதுக்கிடத்தில் வைக்கும் பேச்சே இல்லை.

ஏன் இந்த மாற்றம்? பக்தி வளர்ந்தது, சாக்தம் செல்வாக்குப் பெற்றது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது எளிது. எனக்கு இரண்டு காரணங்கள் கூடுதல் வலுவுள்ளவையாகத் தோன்றுகின்றன. முதலாவது, கோயில் பூசை அரசனின் அன்றாட வாழ்க்கையை ஒத்து விரிந்தது. இரவில் சுவாமி பள்ளியறைக்கு எழுந்தருள வேண்டும், காலையில் திருப்பள்ளியெழுச்சி. இவற்றுக்குத் தேவி வேண்டும். 'திருப்பள்ளியறை நாச்சியார்' என்ற பெயரும் சோழர் கல்வெட்டுகளில் வருவது தற்செயல் இல்லை. இரண்டாவது, கொடை. ஒரு பெரிய சிவன் கோயிலில் மூலவருக்கு அரசனே எல்லாம் செய்துவிட்ட பிறகு, ஊர்த்தலைவனும் வணிகனும் படைத்தலைவனும் தம் பெயர் நிலைக்க எதைக் கட்டுவார்கள்? நரலோகவீரன் போன்றவர்களின் பெயர் அம்மன் திருச்சுற்றுகளில் தென்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆன்மிகத்துக்கு இது குறைவு என்று நினைக்க வேண்டியதில்லை. கோயில்கள் இப்படித்தான் வளர்ந்தன.

இப்போது முறையான ஐயம் ஒன்று எழும். காமக்கோட்டம் என்பது அம்மன் சந்நிதிக்குரிய பொதுப்பெயராக இருந்து, காஞ்சிக் கோயிலும் அதையே ஏற்றுக்கொண்டது என்று ஏன் கொள்ளக்கூடாது? காலவரிசை அதற்கு இடம்கொடுக்கவில்லை. கல்வெட்டுகளில் பொதுப்பெயர் தோன்றுவதற்கு இரு நூற்றாண்டுகளுக்கும் முன்பே சுந்தரர் காஞ்சியின் காமக்கோட்டத்தைப் பெயர் சொல்லிப் பாடியிருக்கிறார். காஞ்சியிலேயே உள்ள ஓணகாந்தன்தளிப் பதிகம் அது. பொன் கேட்டுப் போன சுந்தரர் சுவாமியின் வீட்டாரை ஒவ்வொருவராக நையாண்டி செய்கிறார். கங்கை வாய் திறப்பதில்லை, கணபதிக்கு வயிறே கதி, முருகன் பிள்ளை என்று போகும் பாட்டு. அந்தப் பதிகத்தில்தான், கச்சி மூதூரில் காமக்கோட்டம் இருக்கும்போது நீர் ஏன் ஊர் ஊராகப் பிச்சைக்குப் போகிறீர் என்று கேட்கிறார். இந்தக் கிண்டல் கேட்பவர்களுக்குப் புரிய வேண்டுமானால் இரண்டு விஷயங்கள் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். காமக்கோட்டம் காஞ்சியில் உள்ள ஒரு குறிப்பிட்ட இடம். அங்கே சோற்றுக்குப் பஞ்சமில்லை. இருநாழி நெல்லைக் கொண்டு முப்பத்திரண்டு அறங்களையும் தேவி வளர்த்தாள் என்று பிற்காலப் புராணங்கள் விரித்துச் சொல்வதன் மூலக்கரு இந்தப் பதிகத்திலேயே இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் திருக்குறிப்புத் தொண்ட நாயனார் புராணத்தில் காஞ்சியைப் பேசும்போது, மாமரத்தடித் தவம், கம்பையாற்று வெள்ளம், தழுவக் குழைந்த இலிங்கம், அறம் வளர்த்தல் என்று முழுக் கதையையும் சொல்லிவிடுகிறார். அவர் எழுதிக்கொண்டிருந்த காலத்தில்தான் சோழநாட்டுக் கோயில்கள் ஒவ்வொன்றாகத் தமக்கென்று காமக்கோட்டங்களைக் கட்டிக்கொண்டிருந்தன.

ஆக, காஞ்சியில் அம்மனுக்குப் புகழ்பெற்ற தனி வீடு ஒன்று முன்பே இருந்தது. மற்ற ஊர்கள் அதன் மாதிரியைத் தம் சிவன் கோயிலுக்குள் கொண்டுபோயின. காஞ்சிக்கு அது தேவைப்படவில்லை. ஏகாம்பரநாதர், காமாட்சி, இருவருக்கும் இடையே குமரக்கோட்டம் என்று ஊரே ஒரு சோமாஸ்கந்தமாக அமைந்திருக்கிறது என்று காஞ்சிக்காரர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணம் இயற்றியது அந்தக் குமரக்கோட்டத்தில்தான். பல்லவன் கருவறைச் சுவரில் செதுக்கியதை ஊர் தன் தெருக்களில் வைத்துக்கொண்டது என்று பார்த்தால், வெறும் பெருமைப் பேச்சுக்கு மேல் அதில் விஷயம் இருக்கிறது.

காமக்கோட்டத்துக்கு முன்னால் அந்த இடத்தில் என்ன இருந்தது என்ற சர்ச்சை நூறாண்டுப் பழமையுள்ளது. சுமார் 640இல் காஞ்சிக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், நூறு பௌத்த விகாரங்களும் பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாக எழுதினார். மணிமேகலைக் காப்பியத்தின் நிறைவு காஞ்சியில்தான் நிகழ்கிறது. 1915இல் டி. ஏ. கோபிநாத ராவ், காஞ்சியில் தாம் கண்ட புத்தர் சிலைகளைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அவற்றில் ஏழடிக்கு மேல் உயரமுள்ள நின்ற கோலப் புத்தர் காமாட்சியம்மன் கோயில் வளாகத்துக்குள்ளேயே இருந்தது. இப்போது அது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில். மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் எழுதிய 'பௌத்தமும் தமிழும்' நூலில், காமாட்சியம்மன் கோயில் முன்பு பௌத்தர்களின் தாராதேவி ஆலயம் என்றார். இன்றுவரை மேடைகளில் அது அடிபடுகிறது.

என் கருத்தில் இந்தச் சான்று பாதி தூரம்தான் வருகிறது. காமாட்சியம்மன் கோயிலின் சுற்றுப்புறத்தில் பௌத்தப் பள்ளி இருந்தது என்பதற்கு அந்தப் புத்தரே சாட்சி. அதை மறுக்க முயல்பவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது. ஆனால் வளாகத்தில் புத்தர் சிலை கிடைத்ததால் கருவறையில் இருந்தவள் தாரை என்று தாண்டுவதற்கு இடையில் ஒரு படி குறைகிறது. தாரையின் உருவமோ அவளைப் பெயர் சொல்லும் கல்வெட்டோ கையில் இருந்தால் அந்தப் படி கிடைக்கும். சுந்தரர் காலத்திலேயே சைவர்கள் அந்த இடத்தைச் சிவனின் வீட்டுக்காரியின் இடமாகப் பேசியதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரே தெருவில் புத்தரும் தேவியும் அக்கம்பக்கத்தாராக இருந்திருக்கலாம். 7ஆம் நூற்றாண்டுக் காஞ்சி அப்படிப்பட்ட ஊர்தான். மகேந்திரவர்மனின் மத்தவிலாசம் நாடகத்தில் காபாலிகனும் பௌத்த பிக்குவும் மண்டை ஓட்டுக்காகச் சண்டை போடுவதும் பாசுபதன் நடுவராக வருவதும் அந்த ஊர்த் தெருவில்தான்.

கட்டடத்தைப் பொறுத்தவரை, இப்போது நாம் காண்பது பெரும்பாலும் விஜயநகர காலத்திலும் அதற்குப் பிறகும் எழுந்தது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டாம் ஹரிஹரன் காமாட்சிக்குச் செப்புக் கதவு செய்தளித்ததை ஒரு கல்வெட்டு சொல்கிறது. பல்லவர் கல் இங்கே இல்லாததால், குமரக்கோட்டத்துக்கு அருகிலுள்ள ஆதி காமாட்சி கோயிலே பழைய காமக்கோட்டம் என்று வாதிடுபவர்கள் உண்டு. காளிகோட்டம் என்றும் அதைச் சொல்வார்கள். உக்கிரமாக இருந்த தேவியை ஆதிசங்கரர் ஸ்ரீசக்கரம் நிறுவிச் சாந்தப்படுத்தினார் என்ற மரபுக்கதை, பழைய காளி வழிபாடு ஒன்று ஸ்ரீவித்தை வழிபாடாக மாறியதன் நினைவாக இருக்கலாம். கொற்றவை மரபும் உமை மரபும் ஒரே பீடத்தில் சேர்ந்தன என்று இதை எடுத்துக்கொண்டால், மேலே சொன்ன மூன்றாவது நிலை எப்படிப் பிறந்தது என்பதும் ஓரளவு விளங்குகிறது.

கோயிலுக்குள் போவோம். கருவறையைச் சூழ்ந்திருப்பது காயத்ரி மண்டபம்; 24 அட்சரங்களுக்கு 24 தூண் என்பது கணக்கு. நின்ற கோலத்து அம்மன்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே முதலில் படுவது அவள் உட்கார்ந்திருக்கும் விதம். பத்மாசனத்தில், சிறிதும் சாயாமல், நேராக. நான்கு கைகளில் பாசம், அங்குசம், கரும்புவில், மலர்க்கணை. காமனின் வில்லும் கணையும் காமனை எரித்தவனின் மனைவி கையில். கூடவே ஆண் தெய்வம் யாருமில்லை. அவளுக்கு முன்னால் தரைமட்டத்தில் ஸ்ரீசக்கரம். குங்கும அர்ச்சனை அதற்குத்தான் நடக்கிறது. அர்ச்சகர் தரும் குங்குமத்தை அப்படியே நெற்றியில் இட்டுக்கொண்டு கிளம்பினால் பக்கத்தில் நிற்கும் மூதாட்டி யாராவது தடுத்துவிடுவார். முதலில் கருவறையை ஒட்டிய சுவரில் இருக்கும் அரூப லட்சுமிக்கு அதைச் சாத்தி, அங்கிருந்து எடுத்து இட்டுக்கொள்ள வேண்டும். இழந்த அழகை அந்தக் குங்குமத்தால் அவள் திரும்பப் பெற்றாள் என்பது கதை. பிலாகாசம் எனப்படும் குகைவாயிலிலிருந்து காமாட்சி வெளிப்பட்டதாகச் சொல்லும் இடமும் அருகிலேயே.

இதே கூட்டத்தில் திருமாலும் இருக்கிறார். திருக்கள்வனூர் என்று திருமங்கையாழ்வார் பாடிய ஆதிவராகப் பெருமாள், நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்று, காமாட்சியம்மன் கோயிலின் சுவர் ஒன்றில் சின்ன உருவமாக இருக்கிறார். திவ்ய தேச யாத்திரை வரும் வைணவர்கள் அம்மன் சந்நிதி வரிசையில் நின்று இந்தக் கள்வரைச் சேவித்துப் போகிறார்கள். திருக்கள்வனூர் எனத் தனியாக ஒரு பெருமாள் கோயில் ஒருகாலத்தில் இருந்து, அது அழிந்தபின் தெய்வம் மட்டும் இங்கே குடிவந்திருக்க வேண்டும் என்று ஊகிப்பவர்கள் உண்டு. எனக்கும் அதுவே ஏற்புடையது. வளாகத்தின் புத்தரையும் இந்தப் பெருமாளையும் சேர்த்து நினைத்தால், அக்கம்பக்கத்தில் வீடிழந்த தெய்வங்களுக்கெல்லாம் காமாட்சி கோயில் இடம் கொடுத்திருப்பது தெரியும்.

பூசை முறையும் இங்கே வேறு. சிவன் கோயில்களைப் போலச் சிவாசாரியார்கள் அல்லாமல், சாஸ்திரிகள் எனப்படும் ஸ்தானிகர்களே பரம்பரையாகப் பூசை செய்கிறார்கள். துர்வாசர் அருளியதாகச் சொல்லப்படும் சௌபாக்கிய சிந்தாமணி என்ற நூலே பூசைக்கு ஆதாரம். இந்த ஸ்தானிகர் குடும்பங்களில் ஒன்று கருநாடக இசை வரலாற்றில் முக்கியமானது. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் ஒரு விலகல். காமாட்சியின் பெயர் தமிழ் வீடுகளில் புழங்குவது கோயிலால் மட்டுமில்லை. கல்யாணச் சீரில் வரும் பித்தளைக் காமாட்சி விளக்கை எடுத்துப் பாருங்கள். பின்தகட்டில் இருபுறமும் யானை நீர் சொரிய நடுவே இருப்பவள் கஜலட்சுமி. பெயர் ஒருத்திக்கு, உருவம் இன்னொருத்திக்கு; யாரும் அதைப் பொருட்படுத்தியதில்லை. மாசியும் பங்குனியும் கூடும் நேரத்தில் உருகாத வெண்ணெயும் அடையும் வைத்து நோற்கும் காரடையான் நோன்பும் காமாட்சியை நினைத்துத்தான். கொல்லர், தச்சர், தட்டார் முதலான கம்மாளருக்கு அவள் குலதெய்வம். சென்னை தம்புச்செட்டித் தெருவின் காளிகாம்பாள் கோயில் அவர்களுடையது. அங்கேயும் மூலவர் காமாட்சிதான். 1677இல் சத்ரபதி சிவாஜி அங்கே வந்து வணங்கினார் என்பது அக்கோயிலின் மரபு. ஸ்ரீவித்தை உபாசகரின் யந்திரத்திலும் கம்மாளரின் பட்டறையிலும் ஒரே பெயரில் இருப்பது எல்லாத் தேவியருக்கும் வாய்ப்பதில்லை.

இனி தங்கக் காமாட்சி. மூலவரான கல் காமாட்சியோடு காஞ்சியில் பொன்னாலான திருமேனி ஒன்றும் இருந்தது. பங்காரு காமாட்சி என்று பெயர். நின்ற கோலம், கையில் கிளி. படையெடுப்பு அச்சத்தால் அவளை அர்ச்சகர் குடும்பம் காஞ்சியிலிருந்து எடுத்துக்கொண்டு தெற்கே கிளம்பியது. செஞ்சி, உடையார்பாளையம் என்று ஒவ்வோர் ஊராகத் தங்கித் திருவாரூர் வந்து சேர்ந்ததாகக் குடும்ப மரபு சொல்கிறது. பொன் மின்னாமல் இருக்கப் புனுகைப் பூசி, அம்மை கண்ட குழந்தை என்று சொல்லி மூடுபல்லக்கில் கொண்டுபோனார்களாம். கதைதான், ஆனால் அதன் சூழல் கற்பனையில்லை. 1688ஐ ஒட்டி முகலாயர் படை நெருங்கியபோது வரதராஜப் பெருமாளின் உற்சவ மூர்த்திகளும் இதே காஞ்சியிலிருந்து இதே உடையார்பாளையத்துக்குத்தான் போயின. வரதர் 1710இல் திரும்பி வந்ததை அவர் கோயில் கல்வெட்டு சொல்கிறது. ஆத்தான் ஜீயர் முயன்று, லாலா தோடர்மால் என்ற தளபதி படையோடு போய் மீட்டு வந்தார். இரண்டு கதைகளிலும் உடையார்பாளையம் வருவதிலிருந்து, காஞ்சித் தெய்வங்களுக்கு அந்தப் பாளையக்காரர்களின் காட்டுக்கோட்டை நம்பகமான புகலிடமாக இருந்தது தெரிகிறது.

வரதர் திரும்பினார். பங்காரு காமாட்சி திரும்பவில்லை. அவளுக்குத் தோடர்மால் கிடைக்கவில்லை என்பது ஒரு காரணம் என்றால், 18ஆம் நூற்றாண்டில் காஞ்சிக்குத் திரும்புவது புத்திசாலித்தனமும் இல்லை. நவாபுக்கும் கும்பினிக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் நடந்த கருநாடகப் போர்களில் காஞ்சி மாறி மாறிக் கை மாறியது. 1780 செப்டம்பரில் ஊருக்குப் பக்கத்திலுள்ள பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கும்பினிப் படை ஒன்றை அடியோடு அழித்தார்கள். அடுத்த ஆண்டு ஹைதரின் குதிரைகள் காவிரிச் சமவெளிக்குள்ளும் இறங்கின. திருவாரூரும் பாதுகாப்பில்லை என்றானபோது அம்மன் மீண்டும் பயணப்பட்டாள். தஞ்சையில் மராட்டிய மன்னர் துளஜா அவளுக்கு மேல வீதியில் கோயில் எடுத்து, அர்ச்சகர் குடும்பத்துக்கு நிலமும் கொடுத்துக் குடிவைத்தார். புனுகு இன்றும் நிற்கவில்லை. தங்கத் திருமேனிக்குப் புனுகு சாத்துவதே அங்கே வழக்கமாகிவிட்டதால், பொன் அம்மனைப் பார்க்கப் போகிறவர் கரிய அம்மனைப் பார்த்துவிட்டு வருகிறார்.

அந்த அர்ச்சகர் குடும்பத்தில் திருவாரூரில் 1762இல் பிறந்த வேங்கடசுப்பிரமணியனைத்தான் சியாமா சாஸ்திரி என்று அறிகிறோம். 1827இல் மறையும்வரை அவர் முதன்மையாகக் காமாட்சியின் அர்ச்சகர். இசை அதற்குப் பக்கத்தில் நடந்தது. தியாகராஜரைப் போல உருப்படிகளைக் குவிக்கவில்லை, முத்துசுவாமி தீட்சிதரைப் போலத் தலம் தலமாகப் போகவுமில்லை. மதுரை மீனாட்சிக்கு நவரத்தினமாலிகை பாடியது போன்ற சிலவற்றைத் தவிர, பெரும்பாலும் ஒரே அம்மன்தான் அவருடைய பாட்டுக்குப் பொருள். பைரவி, யதுகுலகாம்போதி, தோடி ஆகிய மூன்று ராகங்களில் அவர் செய்த ஸ்வரஜதிகள் நாட்டியத்துக்குரியதாக இருந்த ஓர் உருப்படி வகையைக் கச்சேரி மேடைக்கு உயர்த்தின. பைரவி ஸ்வரஜதியைக் கேட்கும்போது ஒன்றைக் கவனிக்கலாம். ஒவ்வொரு சரணமும் முந்தையதைவிட ஒரு ஸ்வரம் மேலே தொடங்கி மேல் ஸட்ஜம்வரை படியேறுகிறது. தாயை மறுபடி மறுபடி அழைக்கும் குரலுக்கு அதைவிடப் பொருத்தமான கட்டுக்கோப்பு எனக்குத் தெரியவில்லை. காஞ்சியிலேயே இருந்திருந்தால் இந்தக் குடும்பத்துக்குத் தஞ்சை அரசவையின் இசைச் சூழல் வாய்த்திருக்காது. வித்வான் பச்சிமிரியம் ஆதியப்பய்யரின் பழக்கமும் கிடைத்திருக்காது. மகன் சுப்பராய சாஸ்திரி தியாகராஜரிடம் பாடம் கேட்டிருக்கவும் முடியாது.

காஞ்சியில் மூலவருக்குப் பூசை விடாமல் தொடர்ந்தது. தஞ்சை மராட்டியர் காலத்தில் கும்பகோணத்தில் நிலைகொண்டிருந்த சங்கர மடம், 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் காமாட்சியம்மன் கோயிலுக்குக் குடமுழுக்கு நடத்தி நிர்வாகத்தில் தன் இடத்தை உறுதி செய்துகொண்டது. 20ஆம் நூற்றாண்டில் மடமே காஞ்சிக்கு வந்துவிட்டது. மாசியில் பிரம்மோற்சவம் நடக்கிறது. பங்காரு காமாட்சியைக் காஞ்சிக்குத் திருப்பி அழைக்க வேண்டும் என்று இப்போது யாரும் கேட்பதில்லை. இரண்டு நூற்றாண்டுக்கு மேல் தஞ்சை மேல வீதியில் இருந்தவளுக்கு அதுதான் சொந்த ஊர். சிவன் கோயிலின் ஒரு பகுதியாக இல்லாமல் தனக்கென்று வாசலும் தெருவும் உள்ள வீட்டில், தாய்க் கோயிலின் முறைப்படியே, அங்கேயும் அவள் தனியாகத்தான் இருக்கிறாள்.